சுவர் தாண்டும் செவலை

ஜூன் 3

மேஜையில் கோழி எச்சம். 'மௌனம்: சில குறிப்புகள்' என்று எழுதி வைத்திருந்த தாளில், தலைப்புக்குச் சற்றுக் கீழே. இன்னும் ஈரம்.

ஜன்னலைத் திறந்து வைத்தது என் தவறாம். அம்மா சொல்கிறாள். நான் காற்றுக்காகத் திறந்தேன். கோழிக்காக அல்ல.

இது பாளையங்கோட்டை. தெருவில் சிமெண்ட் சாலை இருக்கிறது. முனையில் ஏ.டி.எம். இருக்கிறது. எதிரே நான்கு மாடிக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. ஆனாலும் காலையில் கல்லூரிக்குக் கிளம்பினால் சாலையின் நடுவில் கோழிகள். ஸ்கூட்டர்கள் வளைந்து போகின்றன. கோழிகள் வளைவதில்லை.

எல்லாம் முப்பிடாதி அக்காவுடையவை. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. நாட்டுக்கோழி முட்டை விற்கிறாள். கூடு என்ற ஒன்றை இரவில் மட்டும் பயன்படுத்துகிறாள். பகலில் ஊரே அவள் கோழிகளுக்குக் கூடு. அதில் ஒரு செவலைக் கோழி, எங்கள் சுவரைத் தாண்டுவதற்கென்றே பிறந்தது. என் மேஜைக்கு வந்ததும் அதுதான். செந்நிற இறகு ஒன்றைச் சாட்சியாக விட்டுப் போயிருக்கிறது.

தாளைக் கிழித்துப் போட்டேன். மௌனத்தைத் திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஜூன் 5

சுவர் மேல் எட்டிப் பார்த்துப் பேசினேன். நாகரிகமாகத்தான்.

"அக்கா, உங்க கோழி எங்க வீட்டுக்குள்ள வருது."

முப்பிடாதி அக்கா நொய் அரிசி இறைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கோழிக்கு நடக்கத் தெரியும் தம்பி. அதுக்கு நான் என்ன செய்ய?"

"கட்டிப் போடலாமே."

"கோழியவா? கேட்டியாளா கதைய! பிள்ளைமாரு வீட்டுல மாட்டக் கட்டுவாக, சரி. கோழியக் கட்டிப் போட்ட ஆள இப்பத்தான் பாக்கேன்."

"எழுத முடியலக்கா. சத்தம்."

"என்ன எழுதுதிய?"

மௌனத்தைப் பற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கிவிட்டேன். பின்னால் அடுக்களை ஜன்னலில் கோமதி சிரிப்பது கேட்டது. என் மனைவி. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சமீபத்தில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்காகவாவது அந்தக் கோழியை மன்னிக்கலாம் என்று தோன்றியது. மன்னிக்கவில்லை.

ஜூன் 12

கோமதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான்காம் மாதம். ரத்தம் குறைவு.

டாக்டரம்மா பழைய சீட்டைப் புரட்டினார். "போன தடவையும் இப்படித்தானே இருந்துச்சு?"

போன தடவை. போன ஆவணி. அதைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

"மாத்திரை மட்டும் பத்தாதும்மா. உடம்புல சத்தே இல்ல. தெனம் ஒரு முட்டை, நல்லா அவிச்சு சாப்பிடு."

"நாங்க சைவம்" என்றேன்.

கேள்வி கேட்கப்பட்டது என்னிடம் அல்ல. பதில் என்னிடமிருந்து வந்தது.

ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ், "சைவம்னு உள்ள இருக்க பிள்ளைக்குத் தெரியுமா சார்?" என்றார். சிரிக்கவில்லை. கோமதி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் நிலைப்பாடு தெளிவானது. எனக்குத் தனிப்பட்ட ஆட்சேபணை எதுவும் கிடையாது. ஹைதராபாத்தில் ஆய்வு மாணவனாக இருந்தபோது உணவு உரிமை குறித்து ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள். ஆனால் இது அம்மா இருக்கிற வீடு. பூசணிக்காயைக்கூட 'வெட்டு' என்று சொல்ல மாட்டாள்; 'திருத்து' என்பாள். கொள்கையை வெளியில் கடைப்பிடிக்கலாம். வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

பஸ் நிறுத்தத்தில் கோமதி கேட்டாள். "ஹைதராபாத்துல நீங்க முட்டை தின்னுருக்கீங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

பஸ் வந்துவிட்டது.

ஜூன் 13

அம்மா முருங்கைக்கீரை வாங்கி வந்தாள். பேரீச்சம்பழம். சிவப்பு அவல். "முட்டையாம்லா முட்டை. நான் ரெண்டு பெத்தேன். எந்த முட்டையத் தின்னேன்?"

கோமதி கீரையை உருவினாள்.

கட்டுரைக்கு ஒரு நல்ல வரி கிடைத்தது: மௌனம் என்பது சம்மதத்தின் இன்னொரு பெயர் அல்ல, அது மொழியின் ஓய்வு.

ஜூன் 18

இது எல்லை மீறல்.

கொல்லையில் ஒரு சாய்ப்பு இருக்கிறது, கதவு வைத்த சின்னக் கொட்டகை. பழைய சைக்கிள், உடைந்த நாற்காலி, பிறகு என் கவிதைத் தொகுப்பின் விற்காத பிரதிகள், ஒரு பெரிய அட்டைப்பெட்டியில். இன்று நண்பர் ஒருவருக்கு அனுப்ப ஒரு பிரதி எடுக்கப் போனால், பெட்டிக்குள் செவலை உட்கார்ந்திருக்கிறது. என் கவிதைகள் மீது. நான் கத்தினேன். அது கழுத்தை மட்டும் திருப்பி, விமர்சகனைப்போல் என்னைப் பார்த்தது.

கோமதி ஓடிவந்தாள். "விரட்டாதீங்க. கொத்திரும். நான் பாத்துக்கிடுதேன்."

"புத்தகமெல்லாம் போச்சு."

"நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேன்லா. நீங்க இங்க வராதீங்க. தூசி ஒங்களுக்கு ஆகாது."

சாயங்காலம் பார்த்தபோது, புத்தகங்கள் அழுக்காகாமல் இருக்க மேலே தேங்காய் நார் பரப்பி வைத்திருந்தாள். இந்த வீட்டில் என் எழுத்தைப் பற்றி அக்கறைப்படும் ஒரே ஆள்.

ஜூன் 24

என் மின்கெட்டிலில் ஏதோ வாடை. விடுதிக் காலத்திலிருந்து என்னோடு இருப்பது. கல்லூரியிலிருந்து வந்து மேஜையிலேயே கடுங்காப்பி போட்டுக்கொள்வேன். இன்று காப்பியில் கந்தகம் போல் ஒரு நெடி. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

கோமதியிடம் கேட்டேன். "போர்த் தண்ணி. உப்பு" என்றாள்.

இந்தத் தெருவில் தண்ணீரும் இப்படி.

ஜூன் 27

விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து ஸ்டீபனோடு பஸ் ஸ்டாண்டு எதிரே. அவன் ஆங்கிலத் துறை. தள்ளுவண்டியில் இரண்டு ஆம்லெட், மிளகு தூக்கலாக. ஸ்டீபன், "ஏ, ஒன் பொண்டாட்டிக்கு ஒண்ணு பார்சல் வாங்கிட்டுப் போயேண்டா" என்றான். சிரித்தேன். அவனுக்கு எங்கள் வீடு தெரியாது.

வரும் வழியில் பாக்குப் பொட்டலம். வழக்கம்தான்.

கோமதி கதவைத் திறந்தாள். சட்டையைக் கழற்றியதும் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஊறப் போடப் போனாள்.

ஜூலை 4

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் முப்பிடாதி அக்கா தெருவுக்கே வந்துவிட்டாள். எங்கள் வாசலுக்கு நேராக நின்று, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி:

"காலையில விரல் வெச்சுப் பாத்துட்டுத்தான் செவலைய விட்டேன். முட்ட கைக்குத் தட்டுச்சு. சாயங்காலம் வாரா, வயிறு வெறும் வயிறா இருக்கு. ஒரு நா ரெண்டு நா இல்ல, மாசம் ஒண்ணு ஆவப்போவுது. எங்கன போயி போடுதான்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சுவரத் தாண்டுதா, வெறும் வயிறா வாரா."

விரல் வைப்பது என்றால் என்ன என்று எதிர்வீட்டு நயினார் சார் எனக்கு விளக்கினார். ஓய்வுபெற்ற தபால்காரர், எல்லாம் தெரியும். கோழியைத் திறந்துவிடுமுன் பின்பக்கம் விரலை விட்டுப் பார்ப்பார்களாம். முட்டை இருந்தால் ஓடு தட்டுப்படுமாம். அன்றைக்கு எந்தக் கோழி இடும், எது இடாது என்று தெரிந்துவிடுமாம். இப்படியொரு சாட்சியத்தை வைத்து என்மீது வழக்கு.

என்மீது. முனைவர் பட்டம் பெற்றவன். மூன்று தலைமுறையாகப் பெரியபுராணம் படித்த வீடு. முட்டைத் திருட்டு!

அம்மா வாசலுக்கு வந்தாள். "ஏ முப்பிடாதி, யாரு வீட்டு முன்னால நின்னு என்ன பேசுத? எங்க வீட்டு வாசப்படிய முட்டை தாண்டுமா?"

"படியத் தாண்டல மதினி. சுவரத்தான் தாண்டுச்சு."

யாரோ சிரித்தார்கள். நயினார் சார், "ஏ, சண்ட எதுக்கு? ஆளுக்கொரு சிசிடிவி போட்டுருங்க" என்றார். சிரிப்பு கூடியது.

என் வாழ்நாளில் இப்படி அவமானப்பட்டதில்லை. முதலில் எங்கள் இடத்தில் அத்துமீறுவது அந்தக் கோழி. அசுத்தப்படுத்துவது அது. புத்தகங்களை நாசமாக்கியது அது. கடைசியில் குற்றவாளி நாங்கள். இதுதான் இந்த நாட்டின் நீதி என்று தோன்றியது. வீதியில் திரிகிறவளுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்குள் இருக்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும்.

ஜூலை 6

கோமதி சொல்கிறாள்: "முட்டைக்கு உண்டானதக் குடுத்துட்டா என்ன? அந்த அக்காவும் பாவம்."

"எடுக்காததை எதற்குக் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் ஒப்புக்கொண்டதாக ஆகும்."

"ஒப்புக்கிட்டா என்ன ஆயிரும்?"

இவளுக்கு நியாய உணர்ச்சி கொஞ்சம் மந்தம். கர்ப்பகாலத்தில் அப்படி ஆகுமோ என்னவோ.

ஜூலை 9

ஆஸ்பத்திரி. ரத்தம் ஏறியிருக்கிறது. எடையும்.

"பரவாயில்லையே. என்ன சாப்பிட்டே?" என்றார் டாக்டரம்மா.

"கீரை" என்றாள் கோமதி.

நர்ஸ் அவளைப் பார்த்தார். அவள் நர்ஸைப் பார்த்தாள். இரண்டு பேரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பெண்களுக்குள் ஏதோ.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நாலு பேரிடம் முருங்கைக்கீரையின் மகிமை.

ஜூலை 10

இன்று முப்பிடாதி அக்கா எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள்.

இரண்டு கையாலும் அள்ளி, தலைக்கு மேல் தூக்கி. "எஞ்செவலை முட்டையத் தின்ன வயிறு..."

அதற்கு மேல் சொல்லவில்லை. கோமதி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். ஓடக் கூடாத நிலையில் ஓடிவந்தாள். "அக்கா! வயித்தச் சொல்லாதீங்க அக்கா. வேற எது வேணும்னாலும் சொல்லுங்க."

முப்பிடாதி அக்கா அவள் வயிற்றைப் பார்த்தாள். மீதி மண்ணைத் தன் காலடியிலேயே போட்டுவிட்டாள். இவளுக்கும் கொஞ்சம் மனிதத்தன்மை இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் அம்மா விடவில்லை. "பாதியில எதுக்கு நிறுத்துத? சொல்லி முடி. எங்களுக்கு என்ன பயம்? வெள்ளிக்கிழம இசக்கியம்மன் கோயில்ல சூடம் கொளுத்தி வெச்சு எம்மவன் சத்தியம் பண்ணுவான். எம்மருமவ வயித்துப் பிள்ள மேல பண்ணுவான். அப்பம் என்ன சொல்லுவ?"

முப்பிடாதி அக்காவின் முகம் மாறியது. "மதினி, பிள்ளைய இழுக்காதிய. அதும் இசக்கிகிட்ட. போன முட்ட போயிட்டுப் போவுது."

பார்த்தேன். பின்வாங்குகிறாள். பொய்க்காரர்கள் இந்த இடத்தில்தான் பின்வாங்குவார்கள்.

"பண்ணுகிறேன்" என்று சொன்னேன். தெரு முழுவதும் கேட்டது. நல்ல குரல் எனக்கு. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

கோமதி உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 11

"சத்தியம் பண்ண வேண்டாம்" என்கிறாள். காலையிலிருந்து.

"ஏன்?"

"வேண்டாம்."

"காரணம் சொல்."

"ஒங்களுக்குத்தான் சாமி நம்பிக்கை கிடையாதே. அப்புறம் கோயில்ல போயி எதுக்கு நிக்கணும்?"

"நம்பிக்கை இல்லாததால்தான் எனக்குப் பயம் இல்லை. கற்பூரம் ஒரு வேதிப்பொருள். எரியும், அணையும். அவளுக்கு அதுதான் நிரூபணம் என்றால், அவள் மொழியிலேயே நிரூபிக்கிறேன்."

"எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றாள் கோமதி. "எனக்கு இருக்கு. எம்பிள்ளை மேல சொல்லப் போறீங்க."

அரை மணி நேரம் விளக்கினேன். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு, சடங்கின் சமூகப் பயன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் சாய்ப்புக்குப் போனேன். ஸ்டீபன் என் தொகுப்பு ஒன்று கேட்டிருந்தான். தேங்காய் நாரை விலக்கினேன்.

புத்தகம் எடுக்கவில்லை. வந்துவிட்டேன்.

நாளை காலை சத்தியம். தெருவே வரும். இனி மாற்ற முடியாது. நான் நம்பிக்கை இல்லாதவன். அது ஒரு வசதி.

ஜூலை 12

சூடம் எரிந்தது. சத்தியம் நடக்கவில்லை.

ஜூலை 13

எழுதித்தான் ஆக வேண்டும்.

இசக்கியம்மன் கோயில் என்பது மின்மாற்றிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. கம்பிக் கதவு. உள்ளே சிவப்புப் பட்டு, கையில் பிள்ளையோடு அம்மன். கதவுக் கம்பியில் பிள்ளை வேண்டிக் கட்டிய மரத்தொட்டில்கள். தெருவில் பாதி வந்திருந்தது. கோமதியை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்து கடைசியில் நின்றாள்.

முப்பிடாதி அக்கா சூடத்தைத் தொட மறுத்துவிட்டாள். "நான் கொளுத்த மாட்டேன்." அம்மாதான் கொளுத்தினாள். காற்று. இரண்டு முறை அணைந்தது. நயினார் சார் குடையை விரித்து மறைவு பிடித்தார். மூன்றாம் முறை நின்று எரிந்தது.

"சொல்லுல" என்றாள் அம்மா. "எங்க வீட்டுல யாரும் அத எடுக்கல, எடுத்திருந்தா எம்பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லி அணை."

"எங்க வீட்டுல" என்று ஆரம்பித்தேன். கையை நீட்டினேன்.

இதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலமே தெரியும். நாருக்கடியில் ஒரு முட்டை இருந்தது, இளஞ்சூடாக. பெட்டியின் மூலையில் என் புத்தகத்தின் தாள்களைக் கிழித்து மடித்த பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். உள்ளே அவித்து உரித்த முட்டை ஓடு. கெட்டிலின் வாடை, ஏறிய ரத்தம், நர்ஸின் சிரிப்பு, எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. தெரிந்துதான் கையை நீட்டினேன். தெருவின் முன் தோற்பதைவிடப் பொய்ச் சத்தியம் எனக்கு எளிதாக இருந்தது.

என் கை சூடத்தை எட்டுமுன் இன்னொரு கை வந்து அதன்மீது விழுந்தது. கோமதியின் உள்ளங்கை. தீ அணைந்தது. தோல் கருகும் வாடை.

"நான்தான் எடுத்தேன். சத்தியம்" என்றாள்.



"எடுத்து அவிச்சுத் தின்னேன். மொத நாளு குமட்டிக்கிட்டு வந்துச்சு. மூக்கப் பிடிச்சுக்கிட்டுத் தின்னேன். கேட்டா நாங்க சைவம்னுருவாங்கன்னுதான் கேக்கல. போன பிள்ளைக்கும் கீரையத்தான் குடுத்தோம். குடுத்து அனுப்பி வெச்சோம். இத அனுப்ப மாட்டேன்."

அம்மா, "ஏட்டி, நம்ம வீட்டுல போயி..." என்றாள்.

"நம்ம வீட்டுலதான் அத்தை. ஒங்க மவன் பஸ் ஸ்டாண்டுல ஆம்லெட் திங்காக. நான்தான சட்டை துவைக்கேன்? பாக்கு போட்டா வாய்தான் மணக்கும். சட்டையுமா மணக்கும்?"

நயினார் சாரின் குடை ஆடியது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

முப்பிடாதி அக்கா கோமதியைத் திட்டவில்லை. என்னிடம் வந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவளை நான் பார்த்ததில்லை.

"காலேஜுல பாடம் சொல்லிக் குடுக்கியளாம்லா. என்ன பாடம்? வயித்துப் பிள்ளக்காரிய எங்கோழிக்குப் பின்னால திருடித் திங்க விட்டுட்டு, நீங்க வெளிய போயி மொளவு போட்டுத் திங்கிய. இதுல அவ பிள்ள மேலயே சத்தியம் பண்ண வேற வாரிய. எங்கோழிக்கு இருக்க நெனப்பு கூடவா ஒங்களுக்குக் கெடையாது? அது குஞ்ச விட்டுட்டு ஒரு நெல்லுமணி கொத்துமா?"

பிறகு கோமதியைக் கோயில் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையைத் தண்ணீரில் பிடித்தாள். "கோட்டிக்காரி. சுவருக்கு மேல ஒரு கொரல் குடுத்திருந்தா கையில குடுத்திருப்பேம்லா." தன் வாயில் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டு அம்மன் பக்கம் திரும்பினாள். "தாயே, நான் வாயத் தொறந்து சொன்னது எதுவும் இவளுக்கு இல்ல. எடுத்துக்காத."

வீட்டுக்கு வந்ததும் கோமதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாய்ப்புக் கதவ வியாழக்கிழம நீங்கதான் தொறந்து போட்டுட்டு வந்தீங்க. பாத்துட்டீங்க. பாத்துட்டுமா கைய நீட்டுனீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்குச் சத்தியம் வெறும் ஒலி. ஒரு கட்டுரையில் எழுதலாம். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது.

ஜூலை 15

அம்மா என்னிடம் பேசவில்லை. நான் போட்ட காப்பியைத் தொடவில்லை. கோமதி கொடுத்தால் வாங்கிக் குடிக்கிறாள்.

பொறுக்க முடியாமல் கேட்டேன். "தின்னது அவ. கோவம் எம்மேலயா?"

அம்மா அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அவ வயித்துக்குத் தின்னா. நீ நாக்குக்குத் தின்ன. எம்மூஞ்சிக்காகத்தான் அவள வேண்டாம்னு சொன்னியாக்கும். ஒன்ன நம்பி எம்மூஞ்சிய வெச்சுத்தான நான் பிள்ள மேல சத்தியம் பண்ணச் சொன்னேன்."

பிறகு: "அடுப்படிக்குள்ள அது வரக் கூடாது. அவ்வளவுதான். ஒன் மேஜையில வெச்சு என்னமும் செய்யட்டும்."

ஜூலை 17

கெட்டில் இப்போது பகலிலேயே கொதிக்கிறது. கோமதி முட்டையைப் போடுகிறாள், காத்திருக்கிறாள், எடுக்கிறாள், உரிக்கிறாள், உப்புத் தொட்டுத் தின்கிறாள். என் நாற்காலியில் உட்கார்ந்து. என்னைப் பார்க்காமல்.

பேச்சு இல்லை.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். மௌனம் பற்றிய கட்டுரை வராது. எனக்கு அந்தப் பொருள் தெரியாது.

ஜூலை 22

முப்பிடாதி அக்கா செவலையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்தாள். கோமதியிடம் கொடுத்தாள். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுகிறாளாம். வளர்ப்பது நாங்கள், முட்டை கோமதிக்கு, குஞ்சு பொரித்தால் பாதி அவளுக்கு. அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள், ஓசைப்படாமல்.

"காலையில விரல் வெச்சுப் பாத்துட்டு விடணும். முட்ட இருந்தா அன்னைக்கு வெளிய விடாத. இல்லன்னா இன்னொரு வீட்டுல போயி போட்டுருவா. பெறவு நீ வந்து எவ வாசல்லயாவது மண்ணத் தூத்தணும்."

கோமதி குனிய முடியாது என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூலை 23

செய்தேன். கொத்தியது. நாலு இடத்தில் ரத்தம். ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஆகஸ்ட் 4

நயினார் சார் காலையிலேயே வாசலில். "ஏ சங்கரா, நேத்து ஒங்க கோழி எம்வண்டி சீட்டுல பேண்டு வெச்சிருக்கு. இது டவுனு. பட்டிக்காடு இல்ல. கட்டிப் போடு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் மாடி வீட்டுக்காரர்கள் குப்பையை எங்கே கொட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? இரவெல்லாம் அலறும் அவர் பேரனின் பைக்கை யார் கட்டிப் போட்டார்கள்? ஒரு கோழி நடந்தால்தான் இந்த ஊர் கெட்டுவிடுமா?

"கோழிக்கு நடக்கத் தெரியும் சார். அதுக்கு நான் என்ன செய்ய?"

உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. ஒரே ஒரு நொடி. நின்றுவிட்டது.

கொல்லைக்குப் போனேன். செவலையை விலாப்பக்கம் அணைத்துப் பிடித்தேன். இப்போதெல்லாம் கொத்துவதில்லை, என்னைப் பொருட்படுத்துவதில்லை, அவ்வளவுதான். விரலை வைத்தேன். வெதுவெதுப்பு. அதற்குள் கடினமாக, வழவழப்பாக ஒன்று. தட்டியது.

"இருக்கு" என்றேன், யாரிடமும் இல்லாமல்.

கோமதி பின்வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். தழும்பு விழுந்த இன்னொரு கை வயிற்றின் மேல். முகத்தில் எதையோ உற்றுக் கேட்கிற பாவனை. நான் கோழியைச் சாய்ப்பில் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தும்வரை அப்படியே நின்றாள்.

"சோப்புப் போட்டு நல்லாக் கைய கழுவிட்டு வாங்க" என்றாள். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். "ரெண்டு தடவை கழுவுங்க. பிள்ள ஒதைக்கி."